மிஷின் கெட்டுப்போகவில்லை, நாக்கு வறண்டுபோயிருக்கிறது

போன மாதம் ரவிக்கைக் கைக்குழி பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "வீட்டில் பழைய தையல் மிஷின் சும்மா கிடந்தால் விற்பதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்" என்று சொல்லிவைத்தேன். ஒரு வரி கேட்டால் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். படங்கள் வேறு. சிலர் குரல் பதிவே அனுப்பியிருக்கிறார்கள், பின்னால் மிஷின் கிறீச்சிடுகிற சத்தத்தோடு. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிற என் தையல் கடையில் தீபாவளித் துணி குவிவதற்குள் முடிந்தவரைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ரவிக்கைச் சந்தேகங்கள் அடுத்த மாதம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் அம்மா தோட்டத்து லயத்தில் இருந்தபோது மாதத் தவணையில் வாங்கிய சிங்கர் மிஷின், காலால் மிதிப்பது. தோட்டத்தை விட்டு வந்த பிறகு பன்னிரண்டு வருடமாகக் கார் நிறுத்தும் இடத்தில் கித்தான் போட்டு மூடியபடி கிடந்தது. அம்மா தவறியபின் இப்போதுதான் திறந்தேன். சக்கரம் இம்மிகூட நகரவில்லை. என் வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் ஊற்றினார், அப்புறம் துரு எடுக்கிற ஸ்பிரே அடித்தார், அப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார், நான் பிடுங்கி வைத்துவிட்டேன். டவுனில் ஒரு கடையில் காட்டினால் இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள். இதற்கு உயிர் இருக்கிறதா? (வாசகி, கோலக்கெட்டில்)

பதில்: ஸ்பேனரைப் பிடுங்கினீர்களே, பாதி வைத்தியம் அங்கேயே முடிந்தது. படத்தில் நான் பார்த்த வரைக்கும் உங்கள் மிஷினில் எதுவும் உடையவில்லை. அது வறண்டுபோயிருக்கிறது, அவ்வளவுதான். அம்மா கடைசியாக விட்ட எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகி, பிசின் காய்ந்து வார்னிஷ் மாதிரி இறுகிவிட்டது. இடது ஓரத்தில் இருக்கிற முகத்தகட்டை ஒரு திருகு கழற்றித் திறந்து பாருங்கள், ஊசித்தண்டு தேன் நிறத்தில் இருக்கும். துரு என்று பயப்படாதீர்கள், நகத்தால் சுரண்டினால் வரும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் எல்லாம் இன்னும் சீக்கிரம் இப்படிப் பிசினாகும் என்பதால் உங்கள் வீட்டுக்காரர் பாசத்தோடு நோயைக் கூட்டியிருக்கிறார். அந்த ஸ்பிரே கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும், ஆனால் ஆவியாகிப் போனபின் அங்கே ஓடுவதற்கு எண்ணெய் இருக்காது. அதை எண்ணெய் என்று நினைப்பதுதான் தப்பு.

எங்கே இறுகியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். தோல் வாரைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டு மிதிகட்டையை மட்டும் மிதியுங்கள். அது ஆடினால் கீழே பிழை இல்லை, மேலே இருக்கிற மிஷின் தலையில்தான். அடுத்தது, கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு சின்ன வட்டத் திருகு இருக்கும், பாபின் (அடி நூல் உருளை) சுற்றும்போது தளர்த்துவோமே, அது. பெரிய சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்துங்கள். இப்போது சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றினால் இறுக்கம் உள்ளே இருக்கிறது. சக்கரமே அசையாவிட்டால் சக்கரமும் தண்டும் சேரும் இடத்தில்தான் பிசின், உள்ளே ஒருவேளை எல்லாம் சுகமாகக்கூட இருக்கலாம். என்னிடம் வந்த எத்தனையோ 'செத்த' மிஷின்கள் இந்தச் சக்கரத்தில்தான் செத்திருந்தன.

மூன்றாவது, தலையை மல்லாக்கச் சாய்த்து அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பாபின் கேஸைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கி ஓடுகிற வளையத்துக்குள் பாருங்கள். நூல் ஒன்று உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றிக் கம்பி மாதிரி இறுகி இருந்தால் எத்தனை எண்ணெய் விட்டாலும் நகராது. பழைய ஊசியால் குத்தி இழை இழையாக எடுக்கவேண்டும். எங்கள் வீட்டு மிஷினிலிருந்து ஒருதடவை நான் எடுத்தது கறுப்பு நூல், கூடவே ஒரு நீளமான நரைமுடி. அம்மாவுடையது. அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.

இனி இளக்குகிற வேலை. மரப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கி வெளியே வாசலில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். ஊசியைக் கழற்றிவிடுங்கள். முதலில் ஹேர் டிரையரால் சக்கரப் பக்கமும் முகத்தகட்டுப் பக்கமும் இரும்பு கைக்கு நன்றாகச் சுடுகிற வரைக்கும் சூடு காட்டுங்கள். சூட்டில் பிசின் இளகும், பல மிஷினுக்கு இதுவே போதும். சுடும்போதே சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற அளவு பலம்தான், அதற்குமேல் வேண்டாம். நகராவிட்டால் டிரையரை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, இரும்பு நன்றாக ஆறியபின் மண்ணெண்ணெய். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள், மண்ணெண்ணெய் ஆவி தீப்பிடிக்கும். மேலே உள்ள எண்ணெய்த் துளைகளிலும், இரும்பும் இரும்பும் உரசுகிற எல்லா இடங்களிலும் சொட்டு சொட்டாக விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் ஆட்டுங்கள். மறுபடியும் சொட்டு. அவசரப்படுகிறவர்கள்தான் பல்லை உடைக்கிறார்கள்.

எங்கள் வீட்டு மிஷினுக்கு மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம், செம்பனை லாரி ஒன்று வாசலைக் கடந்துபோன சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் கையில் தெரிந்தது, 'டக்' என்று ஒரு விரற்கடை நகர்ந்தது. அதற்குப் பிறகு கால் மணி நேரத்தில் முழுச் சுற்று.

ஓட ஆரம்பித்ததும் அங்கேயே விட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர ஓடுவதற்கு உதவாது. தண்ணீர் மாதிரி நிறமில்லாத தையல் மிஷின் எண்ணெய், சின்ன பிளாஸ்டிக் குப்பியில் இரும்புக் கடையிலேயே கிடைக்கும், அதை ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு விட்டு இரண்டு நிமிடம் வேகமாக ஓட்டுங்கள். காப்பி நிறத்தில் அழுக்கு வெளியே வழியும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். தெளிவான எண்ணெய் வெளியே வருகிற வரைக்கும் நாலைந்து நாள் இதைச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். உடம்பில் இருக்கிற தங்கப் பூ வேலைப்பாட்டின் மேல் ஸ்பிரிட் பட்டால் போச்சு. அந்தக் காலத்தில் பூவின் மேல் அரக்குப் பூச்சுதான் கொடுத்தார்கள், அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கிருமிநாசினி, ஈரத் துடைப்பான், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணி எதுவும் வேண்டாம். மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒரு மூலையில் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகத் துடையுங்கள், போதும்.

கேள்வி: மேலே தையல் அழகாக இருக்கிறது, துணிக்கு அடியில் குருவிக் கூடு மாதிரி நூல் குவிகிறது. பாபின் கேஸ் திருகை முழுவதும் இறுக்கிவிட்டேன், அப்படியும் நிற்கவில்லை. புதுக் கேஸ் வாங்கவா? (வாசகி, பீடோர்)

பதில்: வாங்காதீர்கள். அந்தத் திருகையும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள் தாயே. அடியில் குவிகிறது என்றால் எல்லோரும் அடியைத்தான் சந்தேகிக்கிறார்கள். அடியில் தெரிவது மேல் நூல். மேலே அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால் கீழே போய்க் குவிகிறது. (தலைகீழாக, துணியின் மேற்பக்கத்தில் கண்ணி கண்ணியாக அடி நூல் வந்து நின்றால், அப்போதுதான் பாபின் பக்கம் பார்க்கவேண்டும்.)

இதைச் செய்து பாருங்கள். துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தைத் தூக்கி வையுங்கள், நூலை மொத்தமாக எடுத்துவிட்டு முதலிலிருந்து கோருங்கள். பாதம் தூக்கியிருக்கும்போதுதான் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் இரண்டும் வாய் திறந்திருக்கும். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவில் போகாமல் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். கோர்த்தபின் ஊசிக்குப் பக்கத்தில் நூலைப் பிடித்து இழுங்கள். பாதம் மேலே இருந்தால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், பாதத்தை இறக்கினால் ஊசி லேசாக வளைகிற அளவு இழுக்கவேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்திருக்கிறது. மெல்லிய துணிக் கீற்று ஒன்றை நடுவில் விட்டு, பல்லிடுக்கில் நூல் விடுவது போல, முன்னும் பின்னும் இழுங்கள். எனக்கு ஒருமுறை அங்கேயிருந்து வந்தது பஞ்சு அல்ல, ஒரு சின்னப் பவழமல்லிக் காம்பு. சாமி படத்துக்குக் கீழே மிஷினை வைத்திருந்த வீடு.

டென்ஷன் உறுப்பை முழுவதும் கழற்றுவதாக இருந்தால், ஒவ்வொன்று கழற்றும்போதும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுகள் இரண்டின் குவிந்த பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கவேண்டும். நான் முதல் தடவை கழற்றியபோது கைப்பேசி இல்லாத காலம், தரையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன், எங்கள் வீட்டுக் கோழி ஒரு ஸ்பிரிங்கைக் கொத்திக்கொண்டு ஓடியது. அதைத் துரத்தியது தனிக் கதை.

பாபின் கேஸ் திருகுக்கு: கேஸுக்குள் பாபினைப் போட்டு நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா பிடித்தால் அப்படியே தொங்கவேண்டும், கையை மேலே ஒரு சுண்டு சுண்டினால் இரண்டு விரல் அளவு இறங்கி நிற்கவேண்டும். தானாகவே வழுக்கி இறங்கினால் தளர்ச்சி, சுண்டியும் இறங்காவிட்டால் இறுக்கம். திருகை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், அதுவே பெரிய மாற்றம். கழன்று விழுந்தால் அரிசி அளவுத் திருகு, வாழ்நாள் முழுக்கத் தேடவேண்டியதுதான்.

தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்துக்கொள்கிறீர்களா? முதல் மூன்று தையலுக்கு மட்டும். பிடிக்காவிட்டாலும் இந்தக் கூடு வரும்.

கேள்வி: பாபின் கடையில் கிடைக்கிறதெல்லாம் ஒரே அளவாகத்தானே இருக்கிறது? புதுப் பாபின் போட்டதிலிருந்து ஒரே கடகட சத்தம். (வாசகர், கூலிம்)

பதில்: ஒரே அளவு மாதிரிதான் தெரியும், அதுதான் வம்பு. பதினைந்து, அறுபத்தாறு என்பதெல்லாம் சிங்கர் மிஷினின் வகை எண்கள். பதினைந்து வகை பாபினின் இரண்டு பக்கமும் தட்டை. அறுபத்தாறு வகையின் பக்கம் லேசாக உப்பியிருக்கும், உயரமும் கொஞ்சம் குறைவு. மேசையில் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள், உப்பியது தள்ளாடும். உங்கள் பழைய பாபினை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். எனக்கே ஒரு கடையில் 'எல்லாம் ஒன்றுதான் கா' என்று சொல்லி ஒரு டஜன் தள்ளிவிட்டார்கள், அந்த டஜனை இன்றைக்கும் பித்தான் கோர்த்து வைக்கத்தான் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: துணி நகரவே மாட்டேன் என்கிறது. ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கிறது. (வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: ஊசித்தட்டின் இரண்டு திருகைக் கழற்றித் தட்டை எடுங்கள். துணியை நகர்த்துகிற பல் வரிசைக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளம் மாதிரி ஒன்று படிந்திருக்கும், வருடக்கணக்கான பஞ்சு எண்ணெயோடு சேர்ந்து அடைந்தது. குத்தூசியால் நெம்பினால் ஒரே பாளமாக வரும். அது இருக்கிற வரைக்கும் பல் மேலே எழும்ப இடமே இல்லை. அதை எடுத்த பிறகும் நகராவிட்டால் தையல் நீளக் கட்டை பூஜ்ஜியத்தில் இருக்கிறதா, பாதத்தை அழுத்துகிற மேல் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மாடலில் பல்லைக் கீழே இறக்கிவைக்கவும் ஒரு திருகு உண்டு, பூ வேலை செய்தவர்கள் இறக்கிவிட்டு மறந்திருப்பார்கள்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் போதும், வார் வழுக்குகிறது, நான் மிதிக்கிறேன், மிஷின் நிற்கிறது. இன்னொன்று, என் மகள் மிதித்தால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துபோகிறது. மிஷினில் கோளாறா, மகளிடம் கோளாறா? (வாசகி, பாகான் டத்தோ)

பதில்: இருவரிடமும் இல்லை. தோல் வார் ஈரத்தை உறிஞ்சினால் நீண்டுவிடும், நம் ஊரில் ஈரமில்லாத மாதம் எது? இணைப்புக் கம்பியை ஒரு பக்கம் கழற்றி, வாரை அரை விரற்கடை வெட்டி, குத்தூசியால் புதுத் துளை போட்டு மறுபடி மாட்டுங்கள். ஒரேயடியாக நிறைய வெட்டிவிடாதீர்கள், மிகவும் இறுகினால் மிதிப்பது மாவாட்டுகிற மாதிரி ஆகிவிடும். வாரில் எண்ணெய் பட்டிருந்தாலும் வழுக்கும், உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். தோல் காய்ந்து வெடித்திருந்தால் புது வார் வாங்கிவிடுங்கள், அது அப்படி ஒன்றும் விலை இல்லை.

மகள் விஷயம்: கை சக்கரத்தின் மேல் இருக்கவேண்டும், சக்கரம் தன்னை நோக்கிச் சுற்றவேண்டும், கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்ட பிறகுதான் கால். ஒரு பாதம் முன்னாலும் ஒரு பாதம் பின்னாலும் வைத்து, குதிகால், முன்பாதம் என்று மாற்றி மாற்றி. வாரைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் சும்மா மிதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் வாரை மாட்டி, நூல் இல்லாமல், பழைய நோட்டுப் புத்தகத்தின் கோடுகள் மேல் தைக்கச் சொல்லுங்கள் (துணி தைக்கும்போது வேறு ஊசி போடுங்கள், தாள் ஊசியை மழுக்கிவிடும்). என் அம்மா விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதற்கு) கிளம்புவதற்கு முன் என்னை மிஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போவார், பால்வெட்டிவிட்டு வந்து தாளைப் பார்ப்பார். துளை கோட்டை விட்டு விலகியிருந்தால் காப்பி கிடையாது.

கேள்வி: சுத்தம் செய்துவிட்டு எல்லாம் மாட்டினேன், இப்போது சக்கரம் ஓடுகிறது, ஊசி ஓடவில்லை. நடுத் திருகை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்கவில்லை. (வாசகர், லூனாஸ்)

பதில்: நடுத் திருகுக்குப் பின்னால் ஒரு வளையம் இருந்ததே, வெளிப்பக்கம் மூன்று காது, உட்பக்கம் இரண்டு சின்ன நாக்கு. அதை மாற்றிப் போட்டுவிட்டீர்கள். கழற்றுங்கள், நாக்கு இரண்டும் உங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து மாட்டுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டுங்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்.

நீங்கள் கடிதத்தின் கடைசியில் பாபின் சுற்றுகிற சக்கரம் வழுக்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதில் இருக்கிற ரப்பர் வளையம் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். பால்மரத்து ஊரில் இருந்துகொண்டு ரப்பர் வளையத்துக்கு அலைவதா என்று கேட்காதீர்கள், குழாய்ச் சாமான் விற்கிற கடையில் கறுப்பு வளையம் பல அளவில் கிடைக்கும், பழையதைக் காட்டி வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து பழைய சிங்கர் மிஷின் இருக்கிறதா, நல்ல விலை தருகிறேன் என்றார். கைப்பேசியை ஊசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே ஏதோ சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம். உண்மையா? மிஷின் எந்த வருடத்தியது என்றும் எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், சுங்கைப்பட்டாணி)

பதில்: ஐயா, மிஷினையும் கொடுக்காதீர்கள், முன்பணம் என்று எதையும் வாங்கவோ கொடுக்கவோ செய்யாதீர்கள். இது பழைய கப்சா. 2009-இல் சவூதி அரேபியாவில் இதே வதந்தி கிளம்பி, ஒன்றுக்கும் உதவாத பழைய சிங்கர்களுக்கு மனிதர்கள் ஆயிரக்கணக்கில் ரியால் கொட்டினார்கள். ஊசிக்கு அருகில் கைப்பேசியை வைத்தால் இணைப்பு அறுந்துபோகும், அதுதான் அடையாளம் என்று அப்போதும் சொன்னார்கள். போலீஸ் விசாரித்து மோசடி என்று அறிவித்தது. தையல் மிஷினுக்குள் பாதரசத்துக்கு வேலையே கிடையாது. நான் திறக்காத இடம் ஒன்றும் அதில் இல்லை, பிசினும் பஞ்சும்தான் இருக்கும்.

வருடத்துக்கு, அடிப்பலகையின் வலது ஓரத்தில் ஒரு எண் குத்தியிருக்கும். அதற்கு முன்னால் ஒன்றோ இரண்டோ ஆங்கில எழுத்து. இரண்டெழுத்தாக இருந்து முதல் எழுத்து 'ஈ' என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது, 1935 வாக்கில் தொடங்கிய வரிசை. 15கே, 28கே என்கிறார்களே, அந்தக் 'கே' தொழிற்சாலை இருந்த கில்போவி என்ற இடத்தின் முதலெழுத்து. தொழிற்சாலையை 1980-இல் மூடிவிட்டார்கள், பக்கத்து ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர். எண்ணை வைத்து வருடம் பார்க்கிற அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பழையதாக இருப்பதாலேயே விலை ஏறிவிடாது, லட்சக்கணக்கில் செய்த பொருள் அது. வண்ணத்துப்பூச்சிப் படம் போட்ட ஷாங்காய் மிஷின் வைத்திருப்பவர்களும் மனம் சோரவேண்டாம், உள்ளே அதே பதினைந்து வகை அமைப்புதான், இந்தப் பக்கத்தில் சொன்ன வைத்தியம் முக்கால்வாசி அதற்கும் செல்லும்.

கேள்வி: பாட்டி மிஷினில் பாபின் வட்டமாக இல்லை, சிகரெட் மாதிரி நீளமாக இருக்கிறது. ஒன்றுதான் மிச்சம். இது தொலைந்தால் மிஷின் அவ்வளவுதானா? (வாசகி, ரவாங்)

பதில்: உங்களிடம் இருப்பது ஷட்டில் ஊசலாடுகிற பழைய வகை. தோட்டா மாதிரி ஒரு கூடு இருக்குமே, அதுதான் ஷட்டில், அதற்குள் அந்த நீளப் பாபின் போகும். சிங்கரில் 27, 28, 127, 128 எல்லாம் இந்த இனம். நீளப் பாபின் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், இணையத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் வரும், நாலைந்து வாங்கி வையுங்கள். தோட்டாக் கூடு மட்டும் பத்திரம். அதன் கூர்முனைதான் ஊசியின் நூல் கண்ணியைப் பிடிக்கிறது, சிமெண்டுத் தரையில் விழுந்து முனை மழுங்கினால் தையல் விட்டு விட்டுத்தான் விழும்.

கேள்வி: பழைய மிஷினுக்கு மோட்டார் வைத்துத்தான் அம்மா தைத்தார். இப்போது போட்டால் ஓடுகிறது, ஆனால் கருகிய வாடை வருகிறது. (வாசகர், கிள்ளான்)

பதில்: உடனே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள், மீதியை அப்புறம் படியுங்கள். அந்தக் காலத்து வயரின் ரப்பர் உறை காய்ந்து உதிரும், உள்ளே செம்பு வெளியே தெரியும். நம் வீட்டு மின்சாரம் 240 வோல்ட், விளையாட்டில்லை. மோட்டார் மேல் இருக்கிற தகட்டையும் படியுங்கள், 110 என்று போட்டிருந்தால் அமெரிக்கா மாதிரி நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது, நம் மின்சாரத்தில் நேராகச் சொருகினால் எரியத்தான் செய்யும். இதை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கமாட்டேன், மின்சார வேலை தெரிந்தவரிடம் கொடுத்து வயர், காலால் அழுத்துகிற பெட்டி இரண்டையும் மாற்றுங்கள். அதுவரைக்கும் மோட்டாரைக் கழற்றிவிட்டு வார் மாட்டி மிதியுங்கள். மிதித்தால் ஒரு சென் கரண்ட் பில் வராது.

கேள்வி: எங்கள் 15 வகை மிஷின் பருத்தித் துணியில் நன்றாகத் தைக்கிறது. பையனின் பள்ளி டிராக் சூட்டில் மட்டும் மூன்று தையலுக்கு ஒன்று விட்டுப்போகிறது. டைமிங் போய்விட்டது என்று ஒருவர் சொல்கிறார், திறந்து சரிசெய்யவா? (வாசகி, சிரம்பான்)

பதில்: திறக்காதீர்கள். டைமிங் என்பது ஊசியும் கொக்கியும் சந்திக்கிற நேரம். இந்த வகையில் அது தானாகப் போவது அபூர்வம், யாராவது திறந்து கையை வைத்தால்தான் போகும். பருத்தியில் தைக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், டைமிங் போயிருந்தால் பெரும்பாலும் அதிலும் தகராறு செய்திருக்கும்.

ஊசியைப் பாருங்கள். கண்ணாடி மேல் வைத்தால் அடியில் சீராக வெளிச்சம் தெரிகிறதா, வளைந்திருக்கிறதா? ஊசியின் மேல்பகுதியில் இருக்கிற தட்டைப் பக்கம் கொக்கி வருகிற பக்கம் பார்த்திருக்கவேண்டும், நீளமான குழி இருக்கிற பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்கவேண்டும். எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால் ஊசிக்கு மேலே இருக்கிற கடைசி நூல் வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து கோருங்கள். ஊசியை முட்டுகிற வரைக்கும் மேலே ஏற்றி இறுக்குங்கள், ஒரு நூல் அளவு கீழே இருந்தாலும் தையல் விடும். தொழிற்சாலை மிஷினின் உருண்டைத் தண்டு ஊசியை யாராவது கொடுத்திருந்தால் தூக்கிப் போடுங்கள், அதன் நீளமே வேறு. கடையில் எச்ஏ 1 அல்லது 130/705 என்று கேளுங்கள், சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16.

இழுபடுகிற துணிக்குச் சாதாரணக் கூர் ஊசி ஆகாது. அது இழையைக் குத்திக்கொண்டே இறங்கும், துணியும் ஊசியோடு சேர்ந்து கீழே போய் மேலே வரும், கொக்கி பிடிக்கக் கண்ணியே விழாது. முனை உருண்ட ஊசி என்று தனியாக விற்கிறது, 11 அல்லது 14 வாங்கிப் போடுங்கள், பாலியஸ்டர் நூல் போடுங்கள், துணியை இழுக்காமல் தானாகப் போகவிடுங்கள். தையல் விழும். ஆனால் உங்கள் மிஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும், பையன் நீளம் தாண்டுகிற பயிற்சிக்குப் போனால் முதல் தாண்டலிலேயே நேர்த்தையல் 'பட்' என்று அறும். அந்த டிராக் சூட்டை மட்டும் ஓவர்லாக் வைத்திருக்கிற கடையில் கொடுத்துவிடுங்கள். என்னிடம் அனுப்பாதீர்கள், தீபாவளி வரைக்கும் என் கடையில் துணி வைக்கவே இடமில்லை.